சிபியு திணறினால் டிஎஸ்பி பெட்டி வாங்குவதா, கம்ப்யூட்டரை மாற்றுவதா?

சாலிகிராமத்தில் வீட்டு மாடியறையில் ஸ்டூடியோ போட்டிருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, செகண்ட் ஹேண்டில் யுஏடி-2 சாட்டிலைட் குவாட் ஒண்ணு வருது. வாங்கட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு போட்டு புது கம்ப்யூட்டரே வாங்கிடட்டுமா?" அவன் சொன்னது ஒரு டிஎஸ்பி பெட்டி, அதாவது ஒலி எஃபெக்ட்களின் கணக்கைத் தன் சொந்த சிப்பில் போடும் தனிக் கருவி. அவனிடம் இருப்பது ஆறு வருடப் பழைய ஐ7 லேப்டாப். அறுபது ட்ராக்கைத் தாண்டினால் ஸ்பீக்கரில் பட்பட் என்று வெடிக்கத் தொடங்கிவிடும். வடபழனி, வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் சின்ன அறைகளில் வேலை செய்கிறவர்கள் பலர் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டுக்கொண்டு அலைந்தவன்தான்.

பதில் சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டேன். பட்பட் வருவது யாராவது மைக் முன்னால் பாடும்போதா, அல்லது நீ தனியாக உட்கார்ந்து மிக்ஸ் பண்ணும்போதா? இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் காசு போட்டவர்கள் எல்லோரும் வருத்தப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வேலை செய்கிறது, அந்தத் துண்டின் நீளம்தான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக அளக்கும்போது, 64 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு துண்டு 1.33 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.33, 1024 என்றால் 21.3. அந்த நேரத்துக்குள் எல்லா ட்ராக்கின் எல்லா ப்ளகின்னையும் (ஒலியை மாற்ற உள்ளே போடும் சின்ன எஃபெக்ட் சாஃப்ட்வேர்) கணக்குப் போட்டு முடித்துக் கொடுத்தாக வேண்டும். கெடுவுக்குள் முடியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒலி இருக்காது, அந்த வெற்றிடம்தான் காதில் பட் என்று விழுகிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு முப்பத்தைந்து சதவீதம் என்று காட்டும், மிச்சம் அறுபத்தைந்து சும்மா இருக்கிறதே, பிறகு ஏன் வெடிக்கிறது என்று குழம்புவோம். அந்த எண் எல்லா கோர்களுக்குமான சராசரி. ஒரே ட்ராக்கில் வரிசையாகப் போட்ட ஒன்பது ப்ளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சீராக்கும் முதல் ஈக்யூ முடித்துக் கொடுத்தால்தான் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் அடுத்த கம்ப்ரஸருக்கு வேலை. கல்யாணப் பந்தியில் எட்டுப் பேர் பரிமாறினாலும் ஒரு இலையில் சோறு விழுந்த பிறகுதான் சாம்பார் விழும், சோற்று வாளிக்காரர் தாமதித்தால் மற்ற ஏழு பேரும் நின்று பார்க்க வேண்டியதுதான். அதே மாதிரி எட்டு கோர் இருந்தாலும் கனமான ஒரு வரிசை ஒரு கோரில் மாட்டிக்கொண்டால் மொத்தமும் கெடுவைத் தவறவிடும். அதனால் டாஸ்க் மேனேஜரின் சராசரியை நம்பாமல் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைப் பாருங்கள், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு எந்த ட்ராக் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தனித்தனியாகவே காட்டும்.

சரி, டிஎஸ்பி பெட்டி இதில் என்ன செய்கிறது? ப்ளகின்னின் கணக்கைக் கம்ப்யூட்டரின் சிபியுவிலிருந்து எடுத்துத் தன் சொந்த சிப்பில் போடுகிறது, அவ்வளவுதான். யுனிவர்சல் ஆடியோ 2001ல் யுஏடி-1 கார்டைக் கொண்டு வந்தபோது அதற்குள் இருந்தது வீடியோ வேலைக்காகச் செய்யப்பட்ட ஒரு சிப். 2008ல் அறிமுகமான யுஏடி-2 அனலாக் டிவைசஸின் ஷார்க் சிப்புக்கு மாறியது, சோலோ, டுவோ, குவாட், ஆக்டோ என்ற பெயர்கள் அந்தச் சிப் ஒன்றா, இரண்டா, நாலா, எட்டா என்பதைத்தான் சொல்கின்றன. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் நல்ல ரெவெர்ப் (மண்டபத்து எதிரொலி போன்ற எஃபெக்ட்) நாலு போட்டாலே மூச்சு வாங்கும், ஆகவே அப்போது இந்தக் கார்டு உண்மையிலேயே பெரிய வரம். டிசி எலக்ட்ரானிக்கின் பவர்கோர், எஸ்எஸ்எல்லின் டுவெண்டே, ஃபோகஸ்ரைட்டின் லிக்விட் மிக்ஸ் எல்லாம் அதே வழியில் வந்தவை. பவர்கோரை 2011ல் நிறுத்தினார்கள், டுவெண்டேயின் ப்ளகின்கள் பிறகு சிபியுவிலேயே ஓடும் நேட்டிவ் ப்ளகின்களாக மாறிவிட்டன.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இருக்கிறது. பெட்டி தூக்கும் சுமை, அந்தப் பெட்டிக்கென்றே எழுதிய ப்ளகின்களின் சுமை மட்டும்தான். கான்டாக்ட் என்ற சாஃப்ட்வேரில் ஏற்றிய ஸ்ட்ரிங்ஸ், சாஃப்ட்வேர் சின்த், வேறு கம்பெனியின் ரெவெர்ப், இவற்றில் ஒன்றைக்கூட அது தொடாது. உங்கள் ப்ராஜெக்ட் திணறுவது நிஜக் கருவிகளின் ஒலியைப் பதிந்து வைத்த இருபது சாம்பிள் இன்ஸ்ட்ருமென்ட்டால் என்றால் ஆக்டோ வாங்கினாலும் மீட்டர் அசையாது. பின்னணி இசை செய்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களுடைய பாரம் பெரும்பாலும் இன்ஸ்ட்ருமென்ட்டில்தான் இருக்கிறது.

அப்புறம், பெட்டியைப் போட்டால் சிபியு வேலை பூஜ்ஜியமாகிவிடும் என்பதும் சரியில்லை. ஒவ்வொரு துண்டு ஒலியையும் பெட்டிக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது சிபியுவும் டிரைவரும்தான். 1024 பஃபரில் இது நொடிக்குச் சுமார் 47 தடவை நடக்கிறது, அதே 64 பஃபரில் 750 தடவை. அதனால்தான் பஃபரைக் குறைத்து வைத்துக்கொண்டு யுஏடி ப்ளகின் முப்பது போடுகிறவர்களுக்கு, 'பெட்டி வாங்கியும் சிபியு ஏறுகிறதே' என்ற ஏமாற்றம் வருகிறது. பெட்டி வைத்து மிக்ஸ் பண்ணினால் பஃபரை 512 அல்லது 1024ல் வையுங்கள், போய் வரும் தடவை குறையும், சிபியு உடனே தணியும்.

போய் வருவதற்கு நேரமும் ஆகிறது. ஒலி பெட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் தாமதம் சேரும், வரிசையில் அடுத்தடுத்து யுஏடி ப்ளகின் போட்டால் தாமதமும் கூடிக்கொண்டே போகும். சாஃப்ட்வேரின் டிலே காம்பன்சேஷன் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு தள்ளி வைத்துச் சமன் செய்துவிடுவதால் மிக்ஸ் பண்ணும்போது இது தெரியாது. ஆனால் மாஸ்டரில், அதாவது எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி இடத்தில், நாலு யுஏடி ப்ளகின் போட்டுவிட்டு, ஒரு கீபோர்டு பிளேயரைக் கூப்பிட்டு "இந்தச் சரணத்துக்கு ஒரு பேட் வாசிங்க" என்றால், அவர் விசையை அழுத்தி வெகுநேரம் கழித்து ஒலி வரும். கியூபேஸ் சாஃப்ட்வேரில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன், லாஜிக்கில் லோ லேட்டன்சி மோட் என்று இதற்கு வழி இருக்கிறது, வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிட வேண்டும்.

பெட்டிக்குள்ளும் இடம் அளவானதுதான். நாலு சிப் இருக்கிறதே என்று ஒரு கனமான ப்ளகின்னை நாலுக்கும் பங்கு போட முடியாது, போட்ட ஒவ்வொரு ப்ளகின் பிரதியும் (இன்ஸ்டன்ஸ்) முழுசாக ஒரே சிப்பில் உட்கார வேண்டும். நாலு சிப்பிலும் பதினைந்து பதினைந்து சதவீதம் மிச்சமிருந்தும் இருபது சதவீதம் கேட்கும் டேப் ப்ளகின் ஏறாது. மோனோ ட்ராக்கில் ஸ்டீரியோ ப்ளகின் போட்டால் இடம் வீண். 96 கிலோஹெர்ட்ஸில் ப்ராஜெக்ட் திறந்தால் அதே ப்ளகின்னுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு டிஎஸ்பி போகும், பெட்டி பாதியாகிவிட்ட மாதிரிதான். டிஎஸ்பி லோட்லாக் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அது போட்டிருந்தால் ப்ளகின்னை அணைத்து வைத்தாலும் அதன் இடம் காலியாகாது, திரும்பப் போடும்போது இடம் இல்லை என்ற சிக்கல் வராமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். இடம் போதவில்லை என்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால் டிஎஸ்பிக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் அதற்கு ஈடு இல்லை, அது ரெக்கார்டிங்.

ஒரு மே மாதம், கத்திரி வெயில் நேரம், வயதான ஒரு அம்மா பக்திப் பாடல் ஆல்பத்துக்குப் பாட வந்திருந்தார். என் அறையில் ஏசி ஓடினால் மைக்கில் அந்த உறுமல் விழும், ஆகவே டேக் எடுக்கும்போது ஏசியை அணைத்துவிடுவோம், சென்னையில் சின்ன அறை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும். மூன்றாவது டேக்கிலேயே அறை வெந்துபோனது. லேப்டாப் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது, அதுவரை 128 பஃபரில் ஒழுங்காக ஓடிய ப்ராஜெக்ட் அனுபல்லவியில் வெடிக்க ஆரம்பித்தது. நான் பஃபரை 256க்கு ஏற்றினேன். வெடிப்பு நின்றது. அந்த அம்மா ஒரு வரி பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி, "தம்பி, என் குரல் எனக்கே பின்னாடி வருதேப்பா, தாளத்துல நிக்க முடியல" என்றார்.

அவர் சொன்னது துல்லியம். 256 பஃபரில் உள்ளே வர ஒரு 5.3, வெளியே போக ஒரு 5.3, ஒலியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டருக்குக் கொஞ்சம், ஆக மொத்தம் பன்னிரண்டு மில்லிசெகண்ட் பக்கம். ஒலி காற்றில் போகும் வேகத்தில் அது நாலு மீட்டர். தன் குரலை நாலு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பாடச் சொன்னது போல. ஐம்பது வருடம் சுருதிப் பெட்டியோடு பாடிப் பழகிய காதுக்கு அது தெரியாமல் போகுமா?

யுனிவர்சல் ஆடியோவின் அப்போலோ மாதிரி டிஎஸ்பி உள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இந்த இடத்தில்தான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. அதன் கன்சோல் மிக்ஸரில் போடும் கம்ப்ரஸரும் ரெவெர்ப்பும் கம்ப்யூட்டருக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே ஓடி நேராக ஹெட்ஃபோனுக்கு வருகின்றன, சாஃப்ட்வேரில் பஃபர் 1024ல் இருந்தாலும் பாடகருக்குத் தாமதம் தெரியாது. தினமும் ஆள் வைத்துப் பாட வைக்கிறீர்கள், மிருதங்கம், வயலின் எடுக்கிறீர்கள், அவர்கள் காதில் நல்ல ஒலி கேட்டால்தான் நன்றாக வாசிப்பார்கள் என்றால், யோசிக்காமல் இந்த வகை இன்டர்ஃபேஸுக்குக் காசு போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கன்சோலும் மிக்ஸில் போடும் யுஏடி ப்ளகின்களும் அதே சிப்பைத்தான் பங்கு போடுகின்றன. ஒரே சிப் உள்ள மாடலில் குரலுக்கு ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், ரெவெர்ப் என்று போட்டாலே மிக்ஸுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஆர்எம்இயின் யூசிஎக்ஸ், யூஎஃப்எக்ஸ் போன்றவற்றிலும் ஈக்யூவும் ரெவெர்ப்பும் உள்ளேயே இருக்கின்றன, பழைய கருவிகளின் குணம் வேண்டாம், பாடகருக்குச் சுகமாகக் கேட்டால் போதும் என்கிறவர்களுக்கு அது தாராளம்.

ஆனால் அன்றைக்கு என்னிடம் இதெல்லாம் இல்லை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரைப் போட்டேன், குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமல் அப்படியே ஹெட்ஃபோனுக்குப் போனது. சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் நேர் ஒலியை மட்டும் வெளியே போகாமல் அடைத்துவிட்டு, ஒரு செண்டில் (ட்ராக்கின் ஒலியில் ஒரு பங்கைப் பிரித்து அனுப்பும் வழி) ரெவெர்ப்பை நூறு சதவீதம் 'வெட்', அதாவது நேர் ஒலி கலக்காமல், வைத்து அதை மட்டும் அனுப்பினேன். ரெவெர்ப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கோயில் மண்டபத்தில்கூட எதிரொலி அதைவிடத் தாமதமாகத்தானே வரும். அந்த அம்மா அடுத்த டேக்கிலேயே முழுப் பாட்டையும் பாடி முடித்தார். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, செண்டை ப்ரீ ஃபேடராக, அதாவது ட்ராக்கின் ஒலியளவைக் குறைத்தாலும் ஓடும்படி, மாற்றத் தெரிந்தால் போதும்.

இப்போது மிக்ஸ் பக்கம். இங்கே என் கணிப்பு நேர் எதிர்: இன்றைக்கு மிக்ஸுக்காக மட்டும் டிஎஸ்பி பெட்டி வாங்குவதைவிடக் கம்ப்யூட்டருக்குப் போடும் காசே அதிகம் உழைக்கும். ஷார்க் சிப்பு கொண்ட யுஏடி-2 வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் எங்கேயோ போய்விட்டது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 வந்த பிறகு, ஒரு சின்ன மேக் மினி சூடாகாமல், விசிறிச் சத்தமும் கேட்காமல் பெரிய மிக்ஸைத் தூக்குவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அசந்துபோனோம். அதோடு 2022ல் யுனிவர்சல் ஆடியோவே ஸ்பார்க் என்ற சந்தா வழியாகத் தன் ப்ளகின்களை நேட்டிவாகக் கொடுக்க ஆரம்பித்தது, 1176, எல்ஏ-2ஏ கம்ப்ரஸர்கள், புல்டெக் ஈக்யூ போல தினமும் கை போகிற சாமான்கள் இப்போது பெட்டி இல்லாமலே ஓடுகின்றன. 'அந்தச் சவுண்டுக்காகப் பெட்டி வேண்டும்' என்ற காரணம் முன்பு உண்மை, இப்போது அதன் பலம் குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேகம் எல்லாவற்றுக்கும் உதவும், இன்ஸ்ட்ருமென்ட்டுக்கும், அடுத்த வருடம் நீங்கள் வாங்கப் போகும் ப்ளகின்னுக்கும்.

வாங்குவதானால் கோர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள், பந்திக் கணக்குதான், ஒவ்வொரு தனி கோரும் எவ்வளவு வேகம் என்று கேளுங்கள். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்கிறவர்களிடம் கேமிங் என்று சொல்லாமல் ஆடியோவுக்கு என்று சொல்லி, பெரிய, மெதுவாகச் சுற்றும் கூலர் போடச் சொல்லுங்கள். லேப்டாப் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய வேலை இல்லையென்றால் டெஸ்க்டாப்பே மேல். நம் ஊர் வெயிலில், ஏசி அணைத்த அறையில், மெல்லிய லேப்டாப் தன் முழு வேகத்தில் நீடித்து நிற்காது. முடிந்தால் மெஷினை அறைக்கு வெளியே நடையில் வைத்துக் கேபிளை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். யுபிஎஸ் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

ப்ரோ டூல்ஸ் எச்டிஎக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். 2011ல் வந்த அந்தக் கார்டில் 18 டிஎஸ்பி சிப், பெரிய ஸ்டூடியோவில் முப்பது பேரை ஒன்றாக ரெக்கார்ட் செய்கிறவர்களுக்கானது, மாடியறைக்கு வேண்டாம். வேவ்ஸ் சவுண்ட்கிரிட் இன்டெல் சிபியு உள்ள தனி சர்வரை நெட்வொர்க் கேபிளில் இணைக்கிறது, மேடைக் கச்சேரி, லைவ் ஷோ பண்ணுகிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு, ஆனால் சவுண்ட்கிரிட்டுக்கு ஏற்ற ப்ளகின் மட்டும்தான் அதில் ஓடும். சாம்பிள் இன்ஸ்ட்ருமென்ட்டால் திணறுகிறவர்களுக்கு வியன்னா என்செம்பிள் ப்ரோ பொருந்தும், வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது கம்ப்யூட்டரில் ஸ்ட்ரிங்ஸை ஏற்றி லேன் கேபிள் வழியே ஒலியை வாங்கிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்கிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டரோடு இணைக்கும் வாய் எது. சாட்டிலைட்டிலேயே ஃபயர்வயர், தண்டர்போல்ட், யுஎஸ்பி என்று மூன்று வகை உண்டு, புதிய கம்ப்யூட்டர் எதிலும் ஃபயர்வயர் கிடையாது, யுஎஸ்பி வகை விண்டோஸுக்கு மட்டும். இரண்டு, லைசன்ஸ். ப்ளகின் உரிமை பெட்டியோடும் பழைய ஆளின் கணக்கோடும் கட்டிப்போட்டிருக்கும், அவர் முறைப்படி உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தால்தான் உங்களுடையது. ஒரு விற்பனையாளரிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, "நாளைக்கு மாத்தித் தரேன்" என்ற பேச்சை நம்பி நான் நாலு மாதம் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றம் முடிந்த மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தம்பியின் லேப்டாப்புக்கு வருகிறேன். அவனுக்கு வெடிப்பு மிக்ஸில்தான். வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீனைக் காட்டச் சொல்லி, மாஸ்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பஸ்ஸாக (பல ட்ராக்குகள் ஒன்றுசேரும் வழி) அணைத்துப் பார்த்தோம். குரல் பஸ்ஸை அணைத்ததும் மீட்டர் பொத்தென்று விழுந்தது. அதில் ஒன்பது ப்ளகின், ஏழாவதாக ஒலிக்கு லேசான சிதைவு சேர்க்கும் ஒரு சாச்சுரேஷன், அதில் ஓவர்சாம்பிளிங் (சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்குப் போடுவது) எட்டு மடங்கு. அதாவது அந்த ஒரு ப்ளகின் கிட்டத்தட்ட எட்டு ப்ளகின்னின் வேலையை ஒரே கோரின் தலையில் வைத்திருந்தது. வேலை செய்யும்போது இரண்டு மடங்கு, கடைசியில் ரெண்டர் செய்யும்போது (பாட்டை ஃபைலாக எடுக்கும்போது) மட்டும் எட்டு என்று மாற்றினோம், பல ப்ளகின்களில் ரெண்டருக்குத் தனி செட்டிங்கே இருக்கிறது. பிறகு ஹார்மனி ட்ராக் பதினாலிலும் தனித்தனியாக இருந்த ஒரே ரெவெர்ப்பை எடுத்துவிட்டு ஒரு செண்டுக்குக் கொண்டு வந்தான், முடிவான சின்த் ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்தான், அதாவது ஒலியாகவே பதிந்து வைத்தான். ரெக்கார்ட் பட்டன் அணைந்த ட்ராக்குகளைக் கியூபேஸின் ஏசியோ கார்டு (ASIO-Guard) என்ற வசதி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும் என்பதால், தேவையில்லாமல் சிவப்பில் நின்ற ட்ராக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னேன். விண்டோஸில் பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, தாமதத்துக்குக் காரணம் காட்டும் லேட்டன்சிமான் என்ற சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தபோது வைஃபை டிரைவர் இடையில் புகுந்து நேரத்தைத் தின்பது தெரிந்தது, வேலை நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுகிறான்.

அறுபது ட்ராக்கில் வெடித்த அதே ப்ராஜெக்ட் இப்போது தொண்ணூறில் ஓடுகிறது. சாட்டிலைட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை டிஎஸ்பி உள்ள இன்டர்ஃபேஸுக்காக எடுத்து வைத்திருக்கிறான், மார்கழிக்கு முன்னால் ஒரு வயலின், மிருதங்கம் ரெக்கார்டிங் வருகிறதாம். கம்ப்யூட்டரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான், நானும் சரி என்றேன்.